இடது கால்

வான் வாங்கப் போனது அவர்தான்.
குளியாப்பிட்டியில், ஒரு பலாமரத்தின் கீழ்
எண்பத்தெட்டாம் ஆண்டு ரவுண் ஏஸ்
மூக்கில் கறளோடு நின்றதாம்.
மல்லாவி மட்டும் ஓட்டிவர
கராஜ் பொஸ்கோவையும் கூட்டிப் போயிருந்தார்.
மூன்று மிதி. இரண்டு காலும் கேட்கிற வண்டி.
தெரிந்துதான் வாங்கினார்.
"நீ பழகு" என்று
திறப்பை என் மடியில் போட்டார்.

பழகினேன்.
விடியப்புறம், பள்ளிக்கூட மைதானத்தில்,
மாடுகள் மட்டும் பார்த்திருக்க.
கிளச்சை விடும்போதெல்லாம் வான் விக்கியது.
பக்கத்துச் சீற்றில் அவர்
இடது தொடையை மெல்ல மெல்லத் தூக்கிக் காட்டுவார்:
"இப்பிடி. இவ்வளவும்தான். இப்ப விடு."
தொடைக்குக் கீழே
காற்சட்டை மடித்து ஊசி குத்தியிருக்கும்.
நான் அந்த ஊசியைப் பார்த்துப் பார்த்து
கியர் மாற்றக் கற்றேன்.

பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது.
நான் இறங்கி, சுற்றி வந்து,
கைப்பிடியைத் தூக்கி முழங்காலால் ஓர் இடி.
அதற்குப் பிறகுதான் குடும்பம் வெளியே வரும்.
கலியாண வீட்டு வாசலில்
கூறைச்சீலைக்காரர் நடுவிலும் அதே இடிதான்.
கதவில் யப்பான் எழுத்து நாலு, பாதி அழிந்து.
மீன்கடை என்பாள் அபிவர்ணா.
பூக்கடை என்று சண்டை பிடிப்பான் சின்னவன்.

பின்சீற்றைக் கழற்றிக் கழுவின நாள்
அடியில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடந்தது.
முழுக்கச் சிங்களம், எறும்பு ஊர்ந்த மாதிரி.
பிரதேச செயலகத்து நதீஷா வாசித்துச் சொன்னாள்:
ஒயில் மாற்றியது. பெல்ற் மாற்றியது.
தண்ணீர்ப் பம்ப், பழையது, கடையில் பேரம் பேசி.
இரண்டாயிரத்து ஒன்பது, மாசி:
மகனைப் பார்க்க அநுராதபுரம் ஆஸ்பத்திரி.
டீசல் ஆயிரத்து அறுநூறு.
அந்த வரியில் அவள் குரல் கொஞ்சம் நின்றது.
அடுத்த வரி:
பின்பிரேக் லைனர், இரண்டு பக்கமும்.

அந்த மாசியில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று
வீட்டில் யாரும் பேசவில்லை.
அவர் கொப்பியை வாங்கி,
மிச்சம் எத்தனை வெற்றுத்தாள் என்று எண்ணிப் பார்த்தார்.
நாற்பத்தொன்று.
பேனையை என்னிடம் நீட்டினார்.

அதிலிருந்து நான் எழுதுகிறேன்.
ரேடியேற்றர் ஒழுக்கு, சவுக்காரம் வைத்து அடைத்தது.
ஹீற்றர் பிளக் நாலில் இரண்டு.
புகைச் சோதனையில் தோற்றது.
மறுபடி தோற்றது.

போன ஐப்பசி, ஒட்டுசுட்டானால் திரும்பிவர
றோட்டுக்கு நடுவில் யானை.
ஒற்றை லைற் வெளிச்சத்தில் ஒற்றை யானை.
"எஞ்சினை நிப்பாட்டு" என்றாள் பின்னாலிருந்து மச்சாள்.
நிப்பாட்டலாம்.
பிறகு தள்ளித்தான் ஸ்ராட் பண்ணவேணும்.
யார் இறங்கித் தள்ளுவது?
ரிவர்ஸைப் போட்டு, கிளச்சை மிதித்தபடி இருந்தேன்.
யானை எங்களைப் பார்த்தது.
ஏதோ வயதான உறவு என்று நினைத்திருக்கும்,
அப்படி முனகிக்கொண்டிருந்தது வான்.
ஐந்து நிமிடம். பத்து.
என் இடது கால் நடுங்கத் தொடங்கியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இருட்டில் அவர் கை வந்து
என் முழங்காலை அமத்திப் பிடித்தது,
முழுப் பாரத்தோடும்.
யானை போகுமட்டும்
கிளச்சை நாங்கள் இரண்டு பேரும் மிதித்திருந்தோம்.

மறுநாள் கொப்பியில்:
கிளச் பிளேற் கருகல். பொஸ்கோ மாற்றினது.
இருபத்திரண்டாயிரம்,
பாதி கையில், மீதி நெல் வெட்டினபிறகு.
யானையை எழுதவில்லை,
அதற்குச் செலவு ஒன்றும் இல்லையே.
சின்னவன்தான் பிறகு,
ஓரத்தில், பென்சிலால்,
தும்பிக்கை மட்டும் கீறி வைத்திருந்தான்.